விபத்துப் பதிவேட்டை எப்படி வாசிப்பது? பாதுகாப்புப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலையிடப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போதுதான் உங்களிடம் வந்திருக்கிறது. மேசையில் ஒரு விபத்துப் பதிவேடு, அல்லது உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஐந்து வருடமாக நிரப்பி வைத்த எக்செல் கோப்பு. "இதைப் பார்த்து ஒரு ரிப்போர்ட் கொடுங்கள்" என்கிறார் மேலாளர். பெரும்பாலோர் செய்வது என்ன? மாதவாரியாக எண்ணி ஒரு வரைபடம் போடுவார்கள். உடல் உறுப்புவாரியாகப் பிரித்து வண்ண வண்ணமாக ஒரு வட்டம் வரைவார்கள். "கையில் படும் காயங்களே அதிகம்" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கையால் வேலை செய்கிற இடத்தில் கையில்தான் அடிபடும். அதைக் கண்டுபிடிக்க ஐந்து வருடக் கணக்கு எதற்கு?

பதிவேட்டின் உண்மையான பயன் வேறு. இவ்வளவு பெரிய இடத்தில் எந்த மூலையில், எந்த நேரத்தில், எந்த வேலை நடக்கும்போது நீங்கள் போய் நின்று பார்க்க வேண்டும் என்பதை அது காட்டும். அவ்வளவுதான். அங்கே எதை மாற்ற வேண்டும் என்பதை அந்த இடத்தைப் பார்த்தும், அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் போகின்றன.

முதல் படி: எதைக் காயம் என்கிறோம்?

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இங்கேதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவரத்தில் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போன விபத்துகள் சேரும். பிரிட்டனில் ஒருவர் ஏழு நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காவிட்டாலும், முதலுதவியைத் தாண்டிச் சிகிச்சை தேவைப்பட்டால் பதிவுசெய்ய வேண்டும். விரலில் நான்கு தையல் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தவர் ஒரு கணக்கில் இருப்பார், இன்னொன்றில் இருக்க மாட்டார். ஆகவே வேறொரு நிறுவனத்தின் எண்ணை எடுத்து உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு முன், இரண்டு பேரும் ஒன்றைத்தான் எண்ணுகிறீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் இடத்துக்கென்று ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி வையுங்கள்: மரணம், நாள் இழப்புக் காயம் (அடுத்த ஷிஃப்டுக்கு வர முடியாதது), இலகு வேலைக்கு மாற்றப்பட்டது, மருத்துவச் சிகிச்சை, முதலுதவி, கடைசியாக நூலிழையில் தப்பியவை, அதாவது நியர் மிஸ். சட்டம் கேட்கும் வரையறை ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கான படிவத்தை அதன்படி நிரப்புங்கள். உள்ளே அலசுவதற்கு இந்தப் பட்டியல் வேண்டும். வருடத்தின் நடுவில் விளக்கத்தை மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மாற்றிய தேதியைக் கொட்டை எழுத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்து வரும் ஒருவர், அந்தத் தேதியில் விபத்துகள் திடீரென்று குறைந்ததற்குக் காரணம் தேடி அலைவார்.

இரண்டாம் படி: விடுபட்டவற்றைத் தேடுங்கள்

விபத்துப் பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். முதலுதவி அறையில் ஒரு நோட்டு இருக்கும். சம்பளப் பிரிவில் விடுப்புக் கணக்கு இருக்கும். காப்பீட்டுக் கோரிக்கைகள் தனியாக ஒரு கோப்பில் கிடக்கும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அலுப்பான வேலைதான். ஒரு வாரம்கூட ஆகலாம். ஆனால் உங்கள் முதல் வருடத்தில் இதைவிடப் பயனுள்ள வாரம் அமையாது. முதலுதவி நோட்டில் "கண்ணில் தூசி" என்று ஒரே பிரிவிலிருந்து மாதம் பத்துப் பேர் வந்திருப்பார்கள். விபத்துப் பதிவேட்டில் அந்தப் பிரிவின் பக்கம் காலியாக இருக்கும்.

ஏன் சொல்லாமல் விடுகிறார்கள்? பெரும்பாலும் நாமே அதற்கு வழி செய்து வைத்திருப்போம். "நூறு நாள் விபத்தில்லாமல் இருந்தால் எல்லோருக்கும் பரிசு" என்று அறிவித்துவிட்டால், தொண்ணூற்று எட்டாவது நாளில் விரலை நசுக்கிக்கொண்டவர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். நாற்பது பேரின் பரிசைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்? ஒப்பந்தத் தொழிலாளருக்கு இதைவிடப் பெரிய பயம், அடுத்த நாள் கேட்டில் உள்ளே விடமாட்டார்களோ என்று.

சொல்லாமல் விடுவதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. ஒரு பிரிவில் ஐந்து வருடத்தில் இரண்டு எலும்பு முறிவுகள், ஆனால் ஒரு சிராய்ப்புகூடப் பதிவாகவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். கீறலே விழாமல் எலும்பு மட்டும் முறிகிற இடம் எங்கும் கிடையாது.

இந்த இடத்தில் ஹைன்ரிச் முக்கோணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயிற்சி வகுப்புகளில் நிச்சயம் காட்டுவார்கள். ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன ஊழியர் 1931-இல் சொன்னது: ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறிய காயங்கள், காயமே ஏற்படாத 300 சம்பவங்கள். இதை இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே இருக்கும் சிராய்ப்புகளைப் பாதியாக்கினால் மேலே இருக்கும் மரணமும் தானாகப் பாதியாகிவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். உயரத்திலிருந்து விழுவது, மின்சாரம் தாக்குவது, வண்டி ஏறுவது, மூடிய தொட்டிக்குள் மூச்சடைப்பது என்று உயிரை எடுப்பவை வேறு. விரலைக் கீறுபவை வேறு. உயிர் போகக்கூடியவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒவ்வொரு நியர் மிஸ்ஸையும், யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும், முழு விபத்தைப் போலவே விசாரியுங்கள்.

மூன்றாம் படி: பத்திகளைச் சரிசெய்யுங்கள்

தேதி, நேரம், இடம், உறுப்பு, காயத்தின் வகை எல்லாம் வழக்கமாகவே இருக்கும். இல்லாதவை இவை: அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, ஷிஃப்ட் தொடங்கி எத்தனையாவது மணி நேரம், அன்று ஓவர்டைமா, எப்படி நிகழ்ந்தது (மாட்டிக்கொண்டது, விழுந்தது, மேலே விழுந்தது, சுளுக்கியது), எந்தப் பொருளால், சொந்த ஊழியரா ஒப்பந்த ஊழியரா. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, அந்த வேலைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. நிறுவனத்தில் எத்தனை வருடம் என்பதல்ல. பதினைந்து வருடம் பேக்கிங்கில் இருந்துவிட்டு நேற்றுதான் பிரஸ் மெஷினுக்கு மாற்றப்பட்டவர் அங்கே புதியவர்தான். கனடாவின் ஒண்டாரியோவில் நாள் இழப்புக் காயங்களை ஆராய்ந்தவர்கள், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவருக்கு, ஒரு வருடத்தைத் தாண்டியவரைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆபத்து என்று கண்டார்கள்.

அப்புறம், "காரணம்" என்ற பத்தி. பழைய பதிவேடுகளைத் திறந்தால் பாதிக்கு மேல் ஒரே சொல்லாக இருக்கும்: கவனக்குறைவு. அந்தச் சொல்லையே தடைசெய்துவிடுவது நல்லது. மனிதர் என்றால் ஒரு நாளில் பல தடவை கவனம் சிதறத்தான் செய்யும். அலுவலக நாற்காலியில் சிதறினால் ஒரு எழுத்துப் பிழை. அதே சிதறலுக்கு இந்த இடத்தில் மட்டும் விரல் ஏன் போகிறது என்பதுதான் கேள்வி.

இப்படி ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "கன்வேயரைச் சுத்தம் செய்தபோது கை மாட்டியது. காரணம்: கவனக்குறைவு. நடவடிக்கை: அறிவுரை வழங்கப்பட்டது." இதிலிருந்து யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஏன் சுத்தம் செய்தார்? நிறுத்தினால் மறுபடி ஓட எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிடம் ஆகும் என்றால், டார்கெட்டை வைத்துக்கொண்டு யார் நிறுத்துவார்கள்? நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டுகிறதா? உருளைக்கு மேலே மூடி இருந்ததா, இருந்தும் கழற்றி வைத்திருந்தார்களா, கழற்றாமல் சுத்தம் செய்யவே முடியாதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத இடம் விட்டு, படிவத்தில் நான்கு வரி காலியாக வையுங்கள். சூப்பர்வைசர் எழுதுவதோடு, அடிபட்டவர் தன் சொல்லில் சொன்னதும் அதில் வரட்டும்.

பழைய பதிவுகளின் விவரிப்புகளை நீங்களே உட்கார்ந்து வாசியுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தாலும் முதல் நூறையாவது கண்ணால் வாசித்த பிறகு வகைப்படுத்தத் தொடங்குங்கள். வகைகள் முடிவானதும், அதே முப்பது பதிவுகளை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாக வகைப்படுத்தி ஒப்பிடுங்கள். "வழுக்கியது", "விழுந்தது" இரண்டுக்கும் நடுவே நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனால், வகையின் விளக்கம்தான் சரியில்லை. விளக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.

நான்காம் படி: வகுக்காத எண்ணை வாயால் சொல்லாதீர்கள்

பகல் ஷிஃப்டில் 40 காயங்கள், இரவில் 20. பகல்தான் ஆபத்தா? பகலில் 4,00,000 மணி நேர உழைப்பு, இரவில் 1,00,000 மணி நேரம் என்று தெரிந்தால் கதை தலைகீழாகிவிடும். பத்து லட்சம் மணி நேரத்துக்குப் பகலில் 100, இரவில் 200. இரவு இரண்டு மடங்கு ஆபத்து.

வகுக்க வேண்டியது ஆட்களின் எண்ணிக்கையால் அல்ல, உழைத்த மணி நேரத்தால். சம்பளப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். ஓவர்டைம் சேர வேண்டும், விடுப்பு கழிய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரின் காயங்களை மேலே சேர்த்தால் அவர்களுடைய மணி நேரமும் கீழே சேர வேண்டும். காயத்தை விட்டுவிட்டு மணி நேரத்தை மட்டும் சேர்த்து அழகான விகிதம் காட்டும் தந்திரம் நடப்பதுண்டு. உங்கள் கையால் அது நடக்க வேண்டாம்.

கணக்கு இதுதான். 250 பேர், ஆளுக்கு வருடத்துக்கு 2,000 மணி நேரம், மொத்தம் 5,00,000 மணி நேரம். நாள் இழப்புக் காயங்கள் 6. இதைப் பத்து லட்சத்தால் பெருக்கி 5,00,000-ஆல் வகுத்தால் 12. இது நிகழ்வுவீதம், அதாவது பத்து லட்சம் மணி நேரத்துக்கு எத்தனை என்பது. அமெரிக்காவில் பத்து லட்சத்துக்குப் பதில் 2,00,000-ஐ வைத்துப் பெருக்குகிறார்கள். 100 பேர் வாரம் 40 மணி நேரம் வீதம் 50 வாரம் உழைத்தால் வருகிற எண் அது. அந்த முறையில் அதே இடத்துக்கு 2.4 வரும். எண்ணைச் சொல்லும்போது எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடுமைவீதம் என்று இன்னொன்று உண்டு: இழந்த நாட்களை அதே மாதிரி வகுப்பது. 90 நாள் இழந்திருந்தால் பத்து லட்சம் மணி நேரத்துக்கு 180. எனக்கு இதன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒருவரின் எலும்பு சேர எத்தனை நாள் ஆகிறது என்பது அவருடைய வயதையும் மருத்துவரையும் பொறுத்தது. காலில் கட்டுடன் அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து "நாள் இழப்பு இல்லை" என்று எழுதுவதும் நடக்கிறது. மரணத்துக்கு 6,000 நாள் என்று ஏற்றிக் கணக்கிடும் தரநிலைகள் இருக்கின்றன. ஒரே ஒரு மரணம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். மரணங்களைக் கணக்கில் கரைக்காமல் தனியாகவே சொல்லுங்கள்.

விகிதம் போட்ட பிறகும் ஒரு பொறி இருக்கிறது. முதல் வருடம் சரக்கு ஏற்றும் பிரிவில் 1,00,000 மணி நேரம், 8 காயங்கள். பேக்கிங்கில் 4,00,000 மணி நேரம், 8 காயங்கள். பத்து லட்சத்துக்கு முறையே 80, 20. மொத்தத்துக்கு 32. அடுத்த வருடம் ஏற்றும் வேலை பெருகி அங்கே 3,00,000 மணி நேரம், 18 காயங்கள். பேக்கிங்கில் 2,00,000 மணி நேரம், 3 காயங்கள். இப்போது 60, 15. இரண்டு பிரிவிலும் கால் பங்கு குறைந்திருக்கிறது. ஆனால் மொத்தம் 42 ஆகிவிட்டது! ஆபத்தான வேலையின் பங்கு கூடியதால் வந்த வினை. மொத்த விகிதத்தை மட்டும் பார்க்கிற மேலாளர், நன்றாக நடந்துகொண்டிருப்பதை நிறுத்திவிடுவார். பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: சின்ன எண்களிடம் ஜாக்கிரதை

போன வருடம் 6, இந்த வருடம் 4. "மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது" என்று கேக் வெட்டலாமா? வேண்டாம்.

1898-இல் லாடிஸ்லாஸ் போர்ட்கேவிச் என்ற புள்ளியியலாளர், பிரஷ்யப் படைப்பிரிவுகளில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கை வெளியிட்டார். பத்துப் பிரிவுகள், இருபது வருடம், ஆக 200 கட்டங்கள். மொத்தம் 122 மரணங்கள். 109 கட்டங்களில் ஒருவரும் இறக்கவில்லை. 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒன்றில் நால்வர். நால்வர் இறந்த அந்த வருடம் அந்தப் பிரிவின் தளபதியைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள் என்று வையுங்கள். வீண் வேலை. எல்லாப் பிரிவுகளிலும் ஒரே அளவு ஆபத்து இருந்து, மீதியைத் தற்செயலுக்கு விட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். ஒருவரும் இறக்காத கட்டங்கள் 109 வர வேண்டும் என்றுதான் கணக்கும் சொல்கிறது.

உங்கள் 6 காயங்களுக்கும் இது பொருந்தும். அடிப்படை ஆபத்து துளியும் மாறாமலேயே அடுத்த வருடம் 3-ம் வரலாம், 10-ம் வரலாம். மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுலபமான அளவு: இரண்டு காலகட்டங்களிலும் மணி நேரம் ஏறக்குறைய சமமாக இருந்தால், இரண்டு எண்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் பேசுங்கள். 6-ம் 4-ம் கூட்டினால் 10, வர்க்கமூலம் 3.2, இரண்டு மடங்கு 6.3. வித்தியாசமோ வெறும் 2. ஆனால் 30-லிருந்து 12 ஆகியிருந்தால் எல்லை 13, வித்தியாசம் 18. அது பேச வேண்டிய மாற்றம்.

பூஜ்ஜியமும் ஏமாற்றும். 1,00,000 மணி நேரத்தில் ஒரு காயமும் இல்லை என்றால், உண்மையான வீதம் பத்து லட்சத்துக்கு 30 வரைக்கும்கூட இருக்கலாம். பூஜ்ஜியத்துக்குப் பதில் 3 என்று போட்டு வகுத்தால் அந்த உச்ச எல்லை கிடைக்கும். சிறிய இடங்களில் இதனால்தான் வருடாந்தர எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு காயத்துக்கும் அடுத்த காயத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று வரிசையாகக் குறித்துப் பார்ப்பது மேல்.

போன வருடம் மிக மோசமாக இருந்த பிரிவைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தால் இந்த வருடம் எண் குறையத்தான் செய்யும். பயிற்சி கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் குறைந்திருக்கும். துரதிர்ஷ்டம் உச்சத்தில் இருந்தபோது பிடித்தீர்கள், அவ்வளவுதான்.

ஆறாம் படி: அந்த இடத்துக்குப் போங்கள்

இப்போது இரண்டு பத்திகளைக் குறுக்கே வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். வேலையின் பெயர் ஒரு பக்கம், நிகழ்ந்த விதம் மறுபக்கம். "கை அதிகம்" என்பதற்குப் பதில், "ரோலர் மாற்றும்போது மாட்டிக்கொள்வது, பெரும்பாலும் ஷிஃப்டின் கடைசி ஒரு மணி நேரத்தில், அந்த வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகாதவர்களுக்கு" என்ற அளவுக்குக் கூர்மையான கொத்துகள் கிடைக்கும். இரண்டு மூன்று கொத்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் போகக்கூடியதாக இருந்தால், ஒன்றே ஒன்று இருந்தாலும் அதற்கே முதலிடம்.

கொத்து எந்த நேரத்தைச் சொல்கிறதோ அந்த நேரத்திலேயே போங்கள். இரவு இரண்டு மணி என்றால் இரவு இரண்டு மணி. நோட்டுப் புத்தகத்தை விரிக்காமல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிறகு, "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்காமல், "இதில் எது சிரமம்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி விசாரணை மாதிரி ஒலிக்கும். அதற்கு வரும் பதில், உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கிற பதில்.

தீர்வுக்கு வரும்போது வரிசை முக்கியம். ஆபத்தையே நீக்க முடியுமா, இல்லையென்றால் ஆபத்து குறைந்ததாக மாற்ற முடியுமா, இல்லையென்றால் இயந்திரத்தில் மூடியோ தடுப்போ போட முடியுமா, அதற்குப் பிறகுதான் விதிமுறையும் பயிற்சியும், கடைசியில் கையுறையும் ஹெல்மெட்டும். விசாரணை அறிக்கைகளின் "நடவடிக்கை" பத்தியை ஒருமுறை இந்த வரிசைப்படி எண்ணிப் பாருங்கள். பத்தில் எட்டு "அறிவுரை வழங்கப்பட்டது" என்று இருந்தால், மேலாளரிடம் முதலில் காட்ட வேண்டிய அட்டவணை அதுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். விபத்துப் பதிவேட்டில் நோய்கள் வருவதில்லை. வேலையால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 29 லட்சம் பேர் இறப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிடுகிறது. அதில் விபத்துகளால் இறப்பவர்கள் 3.3 லட்சம் பேர்தான், மற்றவர்கள் எல்லோரும் நோயால். தூசி, இரைச்சல், ரசாயனம், முதுகுவலி இவற்றுக்குக் கேட்கும்திறன் சோதனை, நுரையீரல் சோதனை, அடிக்கடி வரும் நோய் விடுப்பு, வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கும் மனுக்கள் ஆகியவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். மனுக்கள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எந்தப் பிரிவிலிருந்து ஓடப் பார்க்கிறார்கள் என்பதும் தரவுதான்.

கடைசியாகச் சில வேலைகள்

அறிக்கையில் பெயர் போட வேண்டாம். பெயர் இல்லாவிட்டாலும், "இரவு ஷிஃப்ட், பெண், பெயிண்ட் பிரிவு" என்றால் அது ஒரே ஒருவராக இருக்கலாம். அப்படிப்பட்ட சின்னக் கட்டங்களை வேறு கட்டங்களோடு சேர்த்து ஒன்றாக்கிவிடுங்கள்.

எந்த மாற்றத்தை எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று தனித் தாளில் எழுதி வையுங்கள். மூடி ஆர்டர் செய்த தேதி அல்ல, மாட்டிய தேதி. ஒப்பிடும்போது அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் போதுமான மணி நேரம் சேர்ந்திருக்கிறதா என்று ஐந்தாம் படியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் பதில் கேட்பார்கள். காயங்களின் எண்ணிக்கை அதற்குள் பதில் சொல்லாது. மூடி கழற்றப்படாமல் இருக்கிறதா, நிறுத்திவிட்டுத்தான் சுத்தம் செய்கிறார்களா என்பதை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துக் குறித்து வைத்தால் அதையாவது காட்டலாம்.

தகவல் கொடுத்தவரிடம் திரும்பிப் போய், "நீங்கள் சொன்னதால் இதை மாற்றினோம்" என்று சொல்லுங்கள். அப்புறம் அடுத்த மாதம் நியர் மிஸ் எண்ணிக்கை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஏறலாம். ஏறும் என்பதையும், அது ஆபத்து கூடியதால் அல்ல, ஆட்கள் பேசத் தொடங்கியதால் என்பதையும் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.